எடிட்டர், கிட், டேட்டாபேஸ்: நீங்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

தறிநாடா:

"எந்த எடிட்டர் நல்லது" என்று இங்கே அடிக்கடி ஒரு இழை ஓடுகிறது. எது வேகம், எது அழகு, எதில் கருப்புத் தீம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றுதான் பேச்சு போகிறது. நான் வேறொன்றை முதலில் பார்க்கிறேன். நாளைக்கே இதை விட்டுவிட வேண்டி வந்தால் என் கையில் என்ன மிஞ்சும்?

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குப் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஒரு கடையில் போட்டால் வருடக்கணக்கில் ஓடும். முதலாளி அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார். அதற்குள் நாம் எழுதப் பயன்படுத்திய கருவிகளில் சில செத்தே போயிருக்கும்.

ஆட்டம் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் கிட்ஹப் கொண்டுவந்தது, ஊரே தலையில் வைத்து ஆடியது. 2022 டிசம்பர் 15-ல் இழுத்து மூடிவிட்டார்கள். ஆனால் யாருக்கும் ஒரு வரி கோடுகூடப் போகவில்லை, ஏனென்றால் கோப்பு வெறும் டெக்ஸ்ட். அதனால் எடிட்டர் சண்டையில் எனக்கு ஆர்வமே கிடையாது. விஎஸ் கோட் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

டேட்டாபேஸ் அப்படியில்லை. ஒரு கடை, ஒரு கணினி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு எஸ்கியூலைட் போடுவேன். 2004-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எழுதிய கோப்பை இன்றைய பதிப்பும் திறக்கும். 2050 வரை ஆதரவு தருவதுதான் தங்கள் திட்டம் என்று அதை எழுதுபவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்ற போன் கிடையாது.

அப்புறம் உரிமம். மென்பொருளைக் கன்டெய்னரில் போட்டு ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் 2021-ல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டணம் வைத்தது: 250 பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்குக் குறைவாகவும் இருந்தால் மட்டும் இலவசம். 2023 ஆகஸ்டில் சர்வர் அமைக்கும் கருவியான டெராஃபார்ம் உரிமம் மாறி ஓப்பன்டோஃபு பிரிந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் டேட்டாபேஸின் உரிமம் மாறி வால்கி பிரிந்தது. அதே ரெடிஸ் 2025 மே மாதம் ஏஜிபிஎல் உரிமத்தோடு மறுபடி திறந்த மூலப் பக்கம் வந்து நின்றது. பிரிந்து போக முடிந்ததற்குக் காரணம், பழைய கோடு திறந்த உரிமத்தில் வெளியே இருந்ததுதான். டாக்கர் டெஸ்க்டாப்பில் அதற்கு வழியில்லை, போட்மேன் மாதிரி வேறொன்றைத்தான் தேட வேண்டும்.

உங்கள் கணக்கு என்ன?


விடிஐ_கைதி:

நல்ல கேள்விதான். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பவர்களுக்கான கேள்வி.

நான் சென்னை ஓஎம்ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனி. கிளையன்ட் கொடுக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் வேலை. அட்மின் உரிமை இல்லை. புது மென்பொருள் வேண்டும் என்றால் டிக்கெட் போட வேண்டும், அதற்கு மேனேஜர் ஒப்புதல், அப்புறம் கிளையன்ட் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல், அதற்குள் புராஜெக்டே முடிந்துவிடும். இருப்பது பழைய எக்லிப்ஸ் எடிட்டர். ஒரு எழுத்து அடித்தால் அது அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் திரையில் தெரிகிறது.

இந்த நிலையில் என்னைக் காப்பாற்றுவது என்ன தெரியுமா? விண்டோஸுக்கான கிட்! கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் இல்லாமல் வேலை நடக்காது என்பதால் அதை மட்டும் யாரும் தடுப்பதில்லை. அதை நிறுவினால் கூடவே பாஷ், கிரெப், செட், ஆக், பெர்ல், எஸ்எஸ்ஹெச், விம் என்று கட்டளை வரிக் கருவிகள் எல்லாம் வந்து இறங்கிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரு கான்ஃபிக் பெயரை மாற்ற வேண்டும் என்றால் எக்லிப்ஸின் தேடல் சாளரத்தைத் திறக்கவே மாட்டேன். கிட் கிரெப், குழாய் போட்டு செட், முடிந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர் இதை ஹேக்கிங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே என் கணக்கு இது: எங்கே உட்கார வைத்தாலும் எது ஏற்கெனவே இருக்குமோ அதைக் கற்றுக்கொள்.


பழைய_முனையம்:

விடிஐ_கைதி சொல்வதை வழிமொழிகிறேன். சர்வர் பராமரிப்பு என் தொழில். இரவு ஒன்றரை மணிக்கு யாரோ ஒருவருடைய சர்வரில் நுழையும்போது அங்கே விஎஸ் கோட் இருக்காது. வி எடிட்டர் இருக்கும். பிஸிபாக்ஸ் என்ற சின்னக் கட்டளைத் தொகுப்பு மட்டும் இருக்கும் குட்டி ரூட்டரில்கூட ஒரு வி இருக்கும்.

1976-ல் பில் ஜாய் எழுதியது. ஹெச், ஜே, கே, எல் விசைகளில் நகர்வது ஏதோ தத்துவம் என்று நினைப்பார்கள். அவர் உட்கார்ந்திருந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த எழுத்துகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன, அவ்வளவுதான் சங்கதி. எஸ்கேப் விசை இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. அதனால்தான் அதை அடிக்கடி அழுத்துவது அவருக்குச் சிரமமாகத் தெரியவில்லை. நமக்கு மூலையில் கிடக்கிறது, சுண்டுவிரல் வலிக்கிறது. நான் கேப்ஸ்லாக்கை எஸ்கேப் ஆக்கிவிட்டேன்.

ஆனால் தறிநாடா, உங்கள் வாதத்தில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எதையும் எப்போது விடலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பவர் எதிலும் ஆழமாக இறங்க மாட்டார். கோப்பு டெக்ஸ்டாக மிஞ்சும், சரி. விரலில் ஏறிய பழக்கம்? அதை விட்டுப் போவதற்குத்தான் உண்மையான விலை. வியை மேம்படுத்தி விம்மை எழுதிய பிராம் மூலெனார் 2023-ல் காலமானபோது விம் என்னாகுமோ என்ற கவலை எனக்கும் வந்தது. 1991 முதல் ஒரு மனிதரைச் சுற்றியே ஓடிய மென்பொருள். ஒன்றும் ஆகவில்லை, கூட இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. நியோவிம் ஏற்கெனவே 2014-லேயே பிரிந்து தனியாக வளர்ந்திருந்தது. விரல் பழக்கத்துக்கு இரண்டு வாரிசுகள். இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.


ஸ்பிரிங்_பூட்ஸ்:

காசு கொடுத்து வாங்கும் ஆள் ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஜெட்பிரெய்ன்ஸின் ஜாவா எடிட்டர் இன்டெல்லிஜே. சொந்தக் காசு.

பத்து வருடப் பழைய ஸ்பிரிங் கோடில் ஒரு மெத்தட் பெயரை மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பெயர் ஜாவா கோப்பில் மட்டும் இருக்காது. எக்ஸ்எம்எல்லில் இருக்கும், அனோட்டேஷனுக்குள் மேற்கோள் குறிக்குள் இருக்கும், எவரோ எழுதிய எஸ்கியூஎல் சரத்துக்குள் டேபிள் நெடுவரிசையின் பெயராக இருக்கும். இவற்றில் பெரும்பாலானதை அது தேடி எடுத்து வந்து "இதையும் மாற்றட்டுமா" என்று கேட்கிறது. கிரெப் போட்டால் கிடைக்கும்தான், ஆனால் "கெட்நேம்" என்று கிரெப் போட்டு வரும் எண்ணூறு வரிகளில் எது உங்களுடையது?

தறிநாடாவின் அளவுகோல்படியே பார்த்தாலும் தேறும். தொடர்ந்து ஒரு வருடம் சந்தா கட்டியிருந்தால், நிறுத்திய பிறகும் குறிப்பிட்ட ஒரு பழைய பதிப்பை எப்போதும் வைத்துக்கொள்ளலாம். புராஜெக்டின் உண்மையான அமைப்பு மேவன் என்ற பில்ட் கருவியின் கோப்பில்தான் இருக்கிறது, ஜெட்பிரெய்ன்ஸின் கோப்புறையை அழித்தாலும் மீண்டும் திறந்தால் எழுந்து நிற்கும். ரேம் தின்னும், மறுக்கவில்லை. எட்டு ஜிபி கணினியில் இதையும் குரோமையும் ஒன்றாகத் திறப்பவர் துணிச்சல்காரர்.


தறிநாடா:

@பழைய_முனையம் அண்ணா, விரல் பழக்கம் பற்றிச் சொன்னது சரிதான். அதே காரணத்தால்தான் நான் விஎஸ் கோடில் விம் விசைகளுக்கான எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறேன். பழக்கத்தை ஒரு எடிட்டரோடு கட்டிப்போட வேண்டியதில்லை.

@ஸ்பிரிங்_பூட்ஸ் ஜாவாவுக்கு உங்களோடு வாதாட மாட்டேன். மற்ற மொழிகளில் நிலைமை மாறிவிட்டது. 2016-ல் மைக்ரோசாஃப்டும் ரெட் ஹாட்டும் கோடென்வியும் சேர்ந்து, எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்வதற்கான எல்எஸ்பி நெறிமுறையை அறிவித்தார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்த புத்திசாலித்தனத்தை, இப்போது மொழிக்கு ஒரு சர்வர் என்று எழுதினால் போதும். சி++ஸுக்கு கிளாங்டி, ரஸ்ட்டுக்கு ரஸ்ட்-அனலைசர், கோவுக்கு கோபிஎல்எஸ். விம்மிலும் அதே, விஎஸ் கோடிலும் அதே. எடிட்டரை விட்டு விலகுவது இன்று இவ்வளவு சுலபமானதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். விஎஸ் கோடின் மூலம் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, ஆனால் நாம் இறக்கும் பொதியின் உரிமம் வேறு. கண்காணிப்பை நீக்கி அதே மூலத்திலிருந்து கட்டியதுதான் விஎஸ்கோடியம். அதில் போய்ப் பைத்தானுக்கான எக்ஸ்டென்ஷனான பைலான்ஸைத் தேடினால் கிடைக்காது. மைக்ரோசாஃப்டின் சொந்தப் பொருள்களில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது உரிம நிபந்தனை. அதன் அடியில் இருக்கும் பைரைட் திறந்த மூலம், எங்கேயும் ஓடும். பைத்தான் எழுதுபவர்கள் பைரைட்டோடு பழகிக்கொண்டால் பிறகு தவிக்க வேண்டியதில்லை.


நல்லூரான்:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நீங்கள் எல்லாரும் உரிமம் மாறினால் என்ன செய்வது என்று யோசிக்கிறீர்கள். எங்களுக்கு 2022-ல் கரண்டே மாறிப் போனது.

அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ரூபாயை மிதக்க விட்ட பிறகு டொலர் 200 ரூபாயில் இருந்து இரண்டு மாதத்துக்குள் 360 அளவுக்குப் போய்விட்டது. மாதம் பத்து டொலர் என்று யோசிக்காமல் கட்டிக்கொண்டிருந்த சந்தா எல்லாம் ஒரேயடியாகக் கிட்டத்தட்ட இரட்டை விலை. அதோடு வங்கிக் கார்டில் வெளிநாட்டுக்குக் காசு கட்டுவதே பெரும்பாடு.

அப்போதுதான் எந்தக் கருவி இணையம் இல்லாமல் வேலை செய்யும் என்பது தெளிவாகத் தெரிந்தது. பிரவுசரில் ஓடும் எடிட்டர், பிரவுசரில் ஓடும் டிசைன் கருவி, எல்லாம் ரவுட்டர் அணைந்த உடனே கைவிட்டன. கிட் கைவிடவில்லை. முழு வரலாறும் மடிக்கணினியிலேயே இருக்கிறது, கமிட் செய்யலாம், கிளை பிரிக்கலாம், பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கரண்ட் வந்த பிறகு ஒரு புஷ். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் அதே வேலைக்குப் பயன்பட்ட பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோனதால்தான் கிட்டை எழுதத் தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்ல வேணும். தறிநாடா அண்ணை சொல்லும் பிரச்சினையில் பிறந்த கருவியே அதுதான்.

ஸீல் என்றொரு செயலி இருக்கு. மொழி ஆவணங்களை இறக்கி வைத்து இணையம் இல்லாமலே தேடலாம். இப்பவும் அதைத்தான் பாவிக்கிறன், கரண்ட் ஒழுங்காக இருக்கும்போதும். கூகுளில் தேடப் போய் யூட்யூப்பில் முடியும் வியாதி எனக்கு உண்டு.


இறுதியாண்டு:

நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். எங்கள் லேபில் இன்னும் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி++ ஓடுகிறது. வீட்டில் கர்சர் என்ற ஏஐ எடிட்டர் வைத்திருக்கிறேன், முக்கால்வாசி கோடை அதுவே எழுதுகிறது. நீங்கள் சொல்லும் வி, செட், ஆக் எல்லாம் இனிமேல் கற்றுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா? நேர்முகத்தில் யாரும் கேட்பதில்லையே.


பழைய_முனையம்:

டர்போ சி++ 3 வந்தது 90-களின் தொடக்கத்தில். சி++ மொழிக்கு முதல் தரநிலையே 1998-ல்தான் வந்தது. அதாவது உங்கள் லேபில் சொல்லிக் கொடுப்பது தரநிலை பிறப்பதற்கு முந்தைய மொழி. ஹெட்டர் பெயரோடு "டாட் ஹெச்" போட்டு, நேம்ஸ்பேஸ் இல்லாமல் எழுதியதை இன்றைய ஜிசிசி கம்பைலரில் போட்டால் திட்டும். தேர்வுக்கு அதை எழுதுங்கள், வீட்டில் ஜிசிசி அல்லது கிளாங் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போடுங்கள். புராஜெக்டை மட்டும் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையில் வையுங்கள். இரண்டாம் பதிப்பில் சி டிரைவைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஆமை வேகம்தான், என்பிஎம் இன்ஸ்டால் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஏஐ பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு அதில் பொறுமை இல்லை.


ஸ்பிரிங்_பூட்ஸ்:

நான் சொல்கிறேன், தினமும் பயன்படுத்துபவன் என்பதால்.

2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வுக் குழு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. தங்கள் சொந்தத் திறந்த மூலத் திட்டங்களில் பல வருட அனுபவமுள்ள 16 பேர், 246 வேலைகள். பாதிக்கு ஏஐ உண்டு, பாதிக்கு இல்லை, எது எதற்கு என்பது குலுக்கல் முறையில். ஏஐ இருந்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. சுவாரஸ்யம் அதில் இல்லை. வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள்!

இதை வைத்து ஏஐ வீண் என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் குறைவு, அந்த வருடத் தொடக்கத்துக் கருவிகள், நன்றாகத் தெரிந்த கோடு. தெரியாத மொழியில் சின்ன ஸ்கிரிப்ட் எழுத எனக்கு அது பெரிய உதவி. ஆனால் "வேகமாகப் போகிறேன்" என்று நமக்குத் தோன்றுவதை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, அது பரிந்துரைக்கும் பேக்கேஜ் பெயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் இன்ஸ்டால் செய்யாதீர்கள். இல்லாத பெயரையும் அது தைரியமாகச் சொல்லும். அந்தப் பெயரில் ஒருவன் விஷம் வைத்துப் பதிவேற்றிவிட்டால் போச்சு.


விடிஐ_கைதி:

@இறுதியாண்டு நேர்முகத்தில் கேட்க மாட்டார்கள், உண்மை. வேலையில் சேர்ந்ததும் ஏஐ தளங்கள் எல்லாம் தடை செய்யப்பட்ட ஒரு கிளையன்ட் கணினியில் உட்கார வைப்பார்கள். அப்போது என்னைத் தேடி வருவீர்கள்.


ஒன்பது_வோல்ட்:

கோயம்புத்தூர். பம்ப் கன்ட்ரோலர் பலகைகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஓடும் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் உலகத்தில் சிப் எதுவோ அதுதான் கருவியைத் தீர்மானிக்கும். பிஐசி எடுத்தால் எம்பிலேப் எக்ஸ், அது நெட்பீன்ஸுக்கு வேஷம் போட்டது. எஸ்டிஎம்32 எடுத்தால் கியூப்ஐடிஇ, அது எக்லிப்ஸுக்கு வேஷம் போட்டது. கீல் வேண்டும் என்றால் அதன் லைட் பதிப்பு 32 கிலோபைட்டோடு நின்றுவிடும், மேலே போக உரிமம் வாங்க வேண்டும்.

தறிநாடா கேட்ட கேள்வி இங்கேதான் ரொம்பச் சுடும். ஒரு பலகை பத்து வருடம் வயலில் ஓடுகிறது. இடையில் ஒரு திருத்தம் வேண்டும் என்றால் அதே கம்பைலர், அதே பதிப்பு தேவை. புதுக் கம்பைலர் வேறு விதமாக ஆப்டிமைஸ் செய்தால் டைமிங் மாறும், ரிலே நடுங்கும். அதனால் நான் கியூப் கருவியைப் பின் அமைப்புக்கும் கிளாக் அமைப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, பில்ட் செய்வதை மேக்ஃபைலுக்கும் ஆர்ம் ஜிசிசிக்கும் மாற்றிவிட்டேன். கம்பைலரின் ஜிப் கோப்பையே புராஜெக்டோடு சேர்த்து வைக்கிறேன். அசிங்கம்தான், ஆனால் ஐடிஇ அப்டேட் ஆனாலும் பலகை பிழைக்கும்.

மேக்ஃபைலைப் படித்து ஓட்டும் மேக்கும் 1976-ல் பிறந்ததுதான், பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போட்டால் இன்றைக்கும் கத்தும். எழுதிய கொஞ்ச நாளிலேயே அது தவறான முடிவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம்.


கொம்பு_கால்:

தமிழ் நூல்களை மின்னாக்கும் வேலை என்னுடையது. இவ்வளவு நேரம் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கருவி தமிழை ஒழுங்காகக் காட்டுமா?

டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற நினைப்பில் கட்டியது. "ணோ" போன்றவை அதற்குள் அடங்காது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும், கர்சர் வேறெங்கோ நிற்கும். விம்மைத் திட்டிப் பயனில்லை, கீழே இருக்கும் டெர்மினலின் குணம் அது. விஎஸ் கோட் உள்ளுக்குள் குரோமியம் என்பதால் எழுத்தைச் சரியாகக் கோக்கிறது, ஆனால் வரிசை நேராக நிற்காது. இமாக்ஸ் எடிட்டர் 27-ஆம் பதிப்பு முதல் எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது, தனிச் சாளரத்தில் திறந்தால் தமிழ் அருமையாக வருகிறது. என் வேலைக்கு இமாக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒன்றே காரணம். லிஸ்ப் எல்லாம் பிறகு வந்த வினை.

அடுத்தது தேடல். "கோயில்" என்று தேடினால் கண்ணுக்குத் தெரியும் கோயில் கிடைக்காமல் போகும். ஓகார உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாக உடைத்தும் வைக்கலாம். திரையில் ஒரே மாதிரி, கிரெப்புக்கு வேறு வேறு. டேட்டாபேஸில் ஏற்றும்போதே, உடைந்ததை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதி, போஸ்ட்கிரெஸ்ஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் ஃபங்ஷன். ஔகாரத்துக்கு மட்டும் அதுவும் உதவாது. பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தையே அடித்துவிடுகிறார்கள். அதைத் தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

@தறிநாடா உங்கள் ஜவுளிக் கடைகளில் வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்தால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். எஸ்கியூலைட் தானாக இதைச் செய்யாது.


தறிநாடா:

@கொம்பு_கால் இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம் போல. பாதிக் கடைகளில் பெயர்கள் தமிழில்தான் இருக்கின்றன. ஒரு கடைக்காரர் "கோமதி ஸ்டோர்ஸ் இருக்கு, ஆனா தேடினா வரலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை அதன் பைட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறேன்.


பழைய_முனையம்:

கொம்பு_கால், ஒரு சந்தேகம். கணினியில் தமிழ்99 விசைப்பலகை போட்டுக்கொண்டு விம்மில் எழுதுகிறேன். எஸ்கேப் அழுத்தியதும் கட்டளைகள் எதுவும் வேலை செய்வதில்லை. "டிடி" அடித்தால் தமிழ் எழுத்துதான் போகிறது. ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றிக்கொண்டிருக்க முடியவில்லை. இதற்கும் இமாக்ஸ்தான் வழி என்று சொல்லிவிடாதீர்கள், இந்த வயதில் மதம் மாற முடியாது.


கொம்பு_கால்:

மாற வேண்டாம் ஐயா. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையை அணைத்துவிட்டு, விம்முக்குள்ளேயே இருக்கும் கீமேப் வசதியைப் பயன்படுத்துங்கள். அது இன்சர்ட் நிலை மாதிரி எழுத்து உள்ளிடும் இடங்களில் மட்டும் வேலை செய்யும். எஸ்கேப் அழுத்தினால் கட்டளைகளுக்கு ஆங்கில எழுத்துகளே போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது இடையில் ஆங்கிலம் வேண்டும் என்றால் கன்ட்ரோலோடு கேரட் விசை, மறுபடி அழுத்தினால் தமிழ். தமிழ்99-க்கான கீமேப் கோப்பை நானே எழுதி வைத்திருக்கிறேன், விம் பயன்படுத்தும் தோழி ஒருத்திக்காக. ஒற்று மிகும் இடத்தில் தானாகப் புள்ளி வைப்பது மட்டும் அதில் இன்னும் அரைகுறை. அதைச் சரிசெய்ய ஆள் கிடைத்தால் இங்கேயே பகிர்கிறேன்.


விடிஐ_கைதி:

அனுப்புங்கள், நான் பார்க்கிறேன். கிட்டோடு வந்த விம்மில் சோதிக்கலாம், டிக்கெட் போட வேண்டியதில்லை.